ஒரு லோட் குப்பை: வளவு துப்புரவாக்க வருகிறவர்களுக்குச் சில ஆலோசனைகள்

ரொறொன்ரோவில் வீடு துப்புரவாக்குகிறவருக்குத் தலையிடி குறைவு. ஒரு தொலைபேசி அழைப்புப் போதும். வாய் திறந்த பெரிய இரும்புத் தொட்டி ஒன்றை லொறியில் கொண்டுவந்து வாசலில் இறக்கிவிட்டுப் போவார்கள். 10 கன யார், 20, 30, 40 என்று தேவைக்கேற்ற அளவில் வாடகைக்குக் கிடைக்கும். கூடவே ஒரு தாள் தருவார்கள்: ரயர் போடாதே, பற்றரி போடாதே, பெயின்ற் போடாதே, அஸ்பெஸ்ரஸை நினைக்கவும் நினையாதே. நிரம்பியதும் வந்து ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். இந்தத் தொட்டி ஏற்பாட்டை 1930களில் தொடக்கிவைத்தவர் அமெரிக்காவின் நொக்ஸ்வில் நகரத்து ஜோர்ஜ் டெம்ப்ஸ்ரர். பிற்காலத்தில் அவர் அதே நகருக்கு மேயராகவும் இருந்தார். அங்கே குப்பைக்கு வழி கண்டவர் மேயரானார். எங்கள் பக்கத்தில் மேயரான பிறகுதான் ஒருவருக்குக் குப்பை என்றால் என்னவென்று தெரியவரும்.

நல்லூர்த் திருவிழாவுக்கு வரும் வெளிநாட்டு உறவுகள் பலர் அந்த இரும்புத் தொட்டியை மனதில் வைத்துக்கொண்டுதான் ஊர் வீட்டின் படலையைத் திறக்கிறார்கள். மூன்று கிழமை லீவு. முதற்கிழமை கோயில், இரண்டாம் கிழமை கலியாணவீடு, மூன்றாம் கிழமையில் மிஞ்சியிருக்கும் நான்கு நாளில் முப்பது வருடக் குப்பையை அகற்றிவிட்டு விமானம் ஏறவேண்டும். அவர்களுக்காக எழுதப்பட்டதே இது.

முதலில் அளவு. கன யாரை மறந்துவிடுங்கள். இங்கே மண்ணும் கல்லும் கியூப் கணக்கில்தான் பேசப்படும். ஒரு கியூப் என்பது 100 கன அடி. உங்கள் 20 கன யார்த் தொட்டி 540 கன அடி, ஐந்தரைக் கியூபுக்குச் சற்றுக் குறைவு. உழவு மெசின் பெட்டி ஒன்று ஒரு கியூப் கொள்ளும் என்பது ஊர்க் கணக்கு. ஆகவே ஐந்தாறு லோட். டிப்பர் பிடித்தால் இரண்டே தரத்தில் முடியுமே என்று கெட்டித்தனமாக யோசிப்பீர்கள். டிப்பர் உங்கள் ஒழுங்கைக்குள் வராது. உங்கள் பாட்டனார் அந்த ஒழுங்கையை மாட்டுவண்டிலுக்கு அளந்து விட்டவர். அதன்பிறகு கிளுவை வேலியை மதிலாக்கும்போது இரண்டு பக்கத்தாரும் ஆளுக்கு ஒரு முழம் முன்னுக்கு வந்திருக்கிறார்கள். பட்டா வாகனம் வந்தால் கண்ணாடியை மடக்கவேண்டும். எல்லாவற்றுக்கும் தோதானது லான்ட்மாஸ்டர் என்ற இரண்டு சில்லு உழவு மெசின். சத்தம் கூட, வேகம் குறைவு, பெட்டி சின்னன். ஆனால் அது நுழையாத ஒழுங்கை யாழ்ப்பாணக் குடாநாட்டில் இல்லை.

கூலி பேசும்போது நிதானம் தேவை.

“தம்பி, ஒரு லோட் எவ்வளவு?”

“என்ன சாமான் அண்ணை?”

“சும்மா குப்பைதான்.”

“குப்பையெண்டால்?”

இந்தக் கேள்விக்குத் தொலைபேசியில் பதில் சொல்லவேண்டாம். அவர் நேரில் வருவார். வளவை ஒரு சுற்றுச் சுற்றுவார். கிணற்றடியில் கிடக்கும் பழைய நீர்ப்பம்பி மோட்டரைக் காலால் மெல்லத் தட்டிப் பார்ப்பார். அதற்குள் செப்புக் கம்பி இருக்கிறது. கோடிப்பக்கத்தில் சாய்த்து வைத்த யன்னல் கம்பிகளைக் கண்ணால் நிறுப்பார். துருப்பிடித்த ரலி சைக்கிளின் முன்னால் ஒரு கணம் மௌனமாக நிற்பார். அதன்பிறகு சொல்லும் விலையில் இவையெல்லாம் கழிக்கப்பட்டிருக்கும். கழிக்கப்படாவிட்டால் நீங்கள் வெளிநாடு என்பதை அவர் கண்டுபிடித்துவிட்டார் என்று அர்த்தம். அரைக்காற்சட்டையுடன் முற்றத்தில் நின்று பேரம் பேசாதீர்கள் என்பதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

அடுத்தது அனுமதி. சபையின் அனுமதியைச் சொல்லவில்லை. வீடு உங்கள் பெயரில் உறுதி முடித்ததாக இருக்கலாம். வீட்டுக்குள் கிடக்கும் சாமானுக்கு ஐந்து சகோதரங்களும் உரித்தாளிகள். மெல்பேர்னில் அக்கா படுக்கைக்கு ஆயத்தமாகும்போது ரொறொன்ரோவில் தம்பி எழும்புவார். இடையில் லண்டனும் சூரிச்சும் விழித்திருக்கும். ஆகவே ஆட்டுக்கல்லை எறிவதா என்ற வட்ஸ்அப் விவாதம் இடைவெளியே இல்லாமல் இரவு பகலாக நடக்கும். முப்பது வருடமாக அந்த ஆட்டுக்கல்லை நினைத்தும் பார்த்திராத மச்சாள், மாமி அதில்தான் தோசைக்கு அரைத்தவ என்று குரற்பதிவில் அழுவார். எடுத்துக்கொண்டு போங்கோவன் என்று நீங்கள் சொன்னதும் குழு அமைதியாகிவிடும். படம் எடுத்து அனுப்பாமல் இருப்பதே நல்லது. அனுப்பினால் பெட்டகத்துக்கு மட்டும் எல்லோரும் ஒரே நேரத்தில் பதில் எழுதுவார்கள். அதைப் பழைய மரச்சாமான் வாங்குகிறவர் ஏற்கெனவே மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டார் என்பது தனிக்கதை.

எல்லோரும் சம்மதித்தாலும் வீட்டோடு இருக்கும் அம்மா சம்மதிக்கவேண்டும். இங்கே சற்று நிற்கலாம். வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகள் கேட்பார்கள்: அம்மம்மா ஏன் இத்தனை வெறும் போத்தல் வைத்திருக்கிறா? லக்ஸ்பிறே ரின், ஹோர்லிக்ஸ் போத்தல், மார்மைற் போத்தல், ஒரு சாக்கு நிறைய மூடிகள். 1990 யூனில் போர் மறுபடி தொடங்கிய பின் வந்த பொருளாதாரத் தடையில் பற்றரி, சீமெந்து, யூரியா, எரிபொருள் எல்லாம் குடாநாட்டுக்குள் வரக்கூடாத சாமான்கள். மின்சாரமும் இல்லை. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சு, கொஞ்சம் மண்ணெண்ணெய், ஒரு திரி; அந்த வெளிச்சத்தில் ஒரு தலைமுறை ஓ.எல். பாஸ் பண்ணியது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோ தந்த மின்னில் மற்றவர்கள் பி.பி.சி. தமிழோசை கேட்டார்கள். அந்த வருடங்களைக் கடந்துவந்த ஒரு பெண்ணிடம் போய் இந்த வெறும் போத்தலை எறியட்டோ என்று கேட்டுப் பாருங்கள். உள்ளே விடக்கூடாதவற்றின் பட்டியல் அன்று கொழும்பில் இருந்தது. வெளியே விடக்கூடாதவற்றின் பட்டியல் இன்று அம்மாவிடம் இருக்கிறது. முன்னையதைவிட நீளமானது.

சரி, பெட்டிக்குள் எதை ஏற்றலாம்? பனையும் தென்னையும் தந்த எதையும் ஏற்றமுடியாது. காவோலை, கங்குமட்டை, பன்னாடை, பாளை, ஊமல், பொச்சுமட்டை, சிரட்டை எல்லாம் விறகு. காஸ் அடுப்பு வைத்திருக்கிற வீட்டுக்காரிகூட 2022இல் சிலிண்டரைச் சங்கிலியால் கட்டிக்கொண்டு வரிசையில் நின்ற பிறகு ஊமற் குவியலை மரியாதையோடுதான் பார்க்கிறார். பூவரசங் குழையும் சருகும் தோட்டத்தில் தாழ்க்க ஆகும். மாட்டெருவைக் குப்பை என்று சொல்லி ஏற்றிவிடாதீர்கள். தோட்டக்காரர் அதை லோட் கணக்கில் காசு கொடுத்து வாங்குகிறார். உங்கள் வளவில் மிகவும் விலைபோகக்கூடிய கழிவு அதுதான்.

இடித்த சுவரின் கல்லும் ஓட்டுத் துண்டும் கொங்கிரீட் கட்டியும் குப்பை என்று நினைப்பீர்கள். படலையைத் திறந்து வைத்தால் மாலைக்குள் மூன்று பேர் வந்து கேட்பார்கள். ஒருவருக்கு அத்திவாரம் நிரப்பவேண்டும், ஒருவருக்கு மாரியில் வெள்ளம் நிற்கும் பள்ளக் காணி, மற்றவருக்கு ஒழுங்கை முகப்பில் குழி. கொடுத்துவிடுங்கள். ஆனால் அதோடு சேர்த்து மணலையும் ஏற்றிவிடாதீர்கள். புவிச்சரிதவியல் அளவை, சுரங்கங்கள் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் இல்லாமல் மணல் ஏற்றினால் பொலிஸ் மடக்கும், வாகனம் நீதிமன்ற வளவில் நிற்கும். பனை தறிக்கவும் அனுமதி வேண்டும். குப்பை ஏற்றிய பெட்டியை மறித்து எங்கே கொண்டுபோகிறாய் என்று யாரும் கேட்டதை நான் இதுவரை காணவில்லை.

கடதாசிக்கு வரும்போது மட்டும் கொஞ்சம் கை நடுங்கட்டும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. வீடுகளில் மிஞ்சியவற்றைக் கறையானும் மழையும் 1995 இடப்பெயர்வும் பங்குபோட்டன. இன்னும் மிஞ்சியது உங்கள் பரணில் இருக்கும் அந்த றங்குப்பெட்டி. தடைக்காலத்தில் கொப்பித் தாளில் அச்சான பத்திரிகைகள், பாடசாலை மலர்கள், கோயிற் கும்பாபிஷேக மலர், சனசமூக நிலையத்தின் கணக்குக் கொப்பி. எல்லாவற்றையும்விட, அந்தியேட்டிக்கு அடித்த கல்வெட்டு. பெரியப்பாவின் கல்வெட்டை நீங்கள் வாசித்திருக்கவே மாட்டீர்கள். அதில் நான்கு தலைமுறை வம்சவழியும் அவர் படிப்பித்த பள்ளிக்கூடங்களும் ஊரின் பாதிக் கதையும் இருக்கும். 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் இப்படியானவற்றைத்தான் மின்வருடி இணையத்தில் ஏற்றிவருகிறது. பகிடி பகிடியாக எழுதிவந்தாலும் இதைப் பகிடியாகச் சொல்லவில்லை. உறுதிகள் எந்தப் பெட்டிக்குள் கிடக்கின்றன என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள். ஆட்டுக்கல்லுக்கு அழுதவர்கள் அதற்கு அழமாட்டார்கள், சட்டத்தரணியைப் பிடிப்பார்கள்.

சபைக்கும் ஓர் ஒழுங்கு இருக்கிறது. உக்கும் கழிவுக்குப் பச்சை, கடதாசிக்கு நீலம், பிளாஸ்ரிக்குக்குச் செம்மஞ்சள், கண்ணாடிக்குச் சிவப்பு, உலோகத்துக்கு மண்ணிறம். நாடு முழுவதற்குமான நிறங்கள் இவை. உங்கள் வீட்டிலும் ஐந்து நிறத்தில் வாளி இருக்கும், ஐந்திலும் கிணற்றுத் தண்ணீர் நிற்கும். யாழ்ப்பாண மாவட்டத்தில் ஒரு மாநகர சபை, மூன்று நகர சபை, பதின்மூன்று பிரதேச சபை, ஆக 17 சபைகள். உங்கள் வீடு எந்தச் சபைக்குள் வருகிறது என்று அயலில் கேளுங்கள். எல்லையில் இருந்தால் இரண்டு சபையும் மற்றதைக் கைகாட்டும். சபையின் உழவு மெசின் அன்றாடக் குப்பையை எடுக்கும். முப்பது வருடத்தை எடுக்காது. அதற்குத்தான் லான்ட்மாஸ்டர்.

லான்ட்மாஸ்டர்க்காரரிடம் கேட்கக்கூடாத கேள்வி ஒன்று உண்டு. அதை ஒருவரும் கேட்பதில்லை; நீங்கள் கேட்டால் அவர் உங்களை ஒருமாதிரிப் பார்ப்பார்.

“எங்க கொண்டுபோய்க் கொட்டுவியள்?”

“அதை நீங்கள் யோசியாதேங்கோ அண்ணை. அது எங்கட பாடு.”

காசை வாங்கும்போது அவர் விற்பதே இந்த ஒரு வசனத்தைத்தான். யோசிக்காமல் இருப்பதற்கான கூலி. யோசித்தால் என்ன வரும் என்றும் சொல்லிவிடுகிறேன். மாநகரத்துக் குப்பை கல்லுண்டாய்க்குப் போகிறது. மானிப்பாய், வட்டுக்கோட்டைப் பக்கத்துச் சனம் அந்த வெளியால் போகும்போது பேச்சை நிறுத்தி மூக்கைப் பொத்துவது பழக்கத்தில் வந்துவிட்டது. இடைக்கிடை அந்த மேடு தீப்பிடிக்கும். புகை எந்தச் சபையின் எல்லையையும் பார்ப்பதில்லை. குடாநாட்டுக்கென்று இருக்கும் ஒரே ஆறு, மாரியில் மட்டும் ஓடும் வழுக்கியாறு, தெல்லிப்பழைப் பக்கம் இருந்து ஊர்களின் வெள்ளத்தைச் சேர்த்துக்கொண்டு அந்தப் பக்கமாகத்தான் வந்து கடலேரியில் விழுகிறது. இருந்த ஓர் ஆற்றின் வாசலிலேயே குப்பையைக் கொட்ட இடம் பார்த்த எங்கள் கெட்டித்தனத்துக்கு நொக்ஸ்வில் காரர் கிட்டவும் வரமாட்டார். கல்லுண்டாய் வரை எண்ணெய் செலவழிக்க மனமில்லாத தனியார் பெட்டிகளுக்கு வயல்வெளி இருக்கிறது, கண்டல் இருக்கிறது, ஆளில்லாக் காணி இருக்கிறது. ஆளில்லாக் காணி என்றால் இன்னும் விமானம் ஏறி வராத ஒருவரின் காணி.

இவற்றில் எதுவும் தேவையில்லை என்று சொல்லும் அயலவர் ஒருவர் கட்டாயம் இருப்பார். “ஏன் காசைக் கொட்டுறியள்? பின்னுக்குப் பாழ்கிணறு கிடக்குதே.” குடாநாட்டின் உண்மையான வாடகைத் தொட்டி இதுதான். வாடகை இல்லை, தவணை இல்லை, ஒழுங்கையின் அகலம் பிரச்சினை இல்லை. பூட்டிய வீடுகளின் கிணறுகள் எத்தனையோ இப்படி நிரம்பியிருக்கின்றன: மெத்தை, பம்பேர்ஸ், உடைந்த ரீவி, தோட்டத்து மருந்துப் போத்தல். ஒரே ஒரு சின்னக் குறைபாடு, இந்தத் தொட்டிக்கு அடி இல்லை. மாரி மழை சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளால் இறங்கி, கீழே கிடக்கும் உவர்நீரின் மேல் ஒரு நன்னீர்ப் படையாக மிதக்கிறது. உங்கள் கிணறும், பாழ்கிணற்றைக் காட்டிய அயலவரின் கிணறும், அவருடைய மகளின் வீட்டுக் குழாய்க்கிணறும் அந்த ஒரே படையில்தான் வாய் வைத்திருக்கின்றன. இடியப்பத் தட்டுக்குள் எண்ணெயை ஊற்றிவிட்டு அது நடுவிலேயே நிற்கும் என்று நம்புவது போன்ற காரியம்.

எண்ணெய் என்று சும்மா சொல்லவில்லை. சுன்னாகம் மின்நிலையத்தின் கழிவெண்ணெய் நிலத்தடி நீரில் கலந்து, சுற்றியிருந்த ஊர்க் கிணறுகளில் மிதந்தது. வாளியோடு ஒழுங்கையில் நின்று பவுசர்த் தண்ணீருக்குக் காத்திருந்தார்கள் ஆயுள் முழுக்கக் கிணறு வைத்திருந்த சனம். வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், 2019இல் மின் உற்பத்தி நிறுவனம் 2 கோடி ரூபாய் நட்டஈடு கொடுக்கவேண்டும் என்று தீர்ப்பு வந்தது. 2024 ஓகஸ்ற்றில் வடமராட்சி கிழக்குத் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. ஒரு நாளைக்கு 24,000 கன மீற்றர் கொள்ளளவு. காலடியில் இலவசமாக ஊறியதை விட்டுக் கடலைக் காய்ச்சி வடிக்காத குறையாகக் குடிக்கத் தொடங்கியிருக்கிறோம். இப்படியே போனால் பாழ்கிணறுகளுக்குத் தட்டுப்பாடு வராது.

இனி, எந்த வாகனத்திலும் ஏறாதவை. வளவு துப்புரவாக்கும்போது மண்வெட்டியில் இரும்பு தட்டுப்பட்டால், அதுவும் பழைய பங்கர் கிடங்கைக் கிளறும்போது தட்டுப்பட்டால், இரும்புக்காரருக்கு நல்ல விலைக்குக் கொடுக்கலாம் என்று தூக்காதீர்கள். மண்ணைத் திருப்பிப் போடவும் வேண்டாம். எல்லோரையும் அப்பால் அனுப்பிவிட்டு 119ஐ அழையுங்கள். பொலிஸ் வந்து காவல் போடும், நீதிமன்ற அனுமதி எடுக்கும், விசேட அதிரடிப்படையின் குண்டு செயலிழக்கும் பிரிவு வரும். உங்கள் திட்டத்தில் சில நாள் போய்விடும். போகட்டும். முகமாலையில் வருடக்கணக்காகக் கண்ணிவெடி அகற்றியவர்கள் முழந்தாளில் நின்று அங்குலம் அங்குலமாகச் செய்த வேலையை நீங்கள் அலவாங்கால் செய்யவேண்டாம்.

அஸ்பெஸ்ரஸ் சீற்றுக்கு 119 இல்லை. அதை எறிய இடமும் இல்லை. உடைத்தாலும் வெட்டினாலும் கிளம்பும் தூசி நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது; ஆகவே நனைத்து, முழுதாகக் கழற்றி, நொறுக்காமல் வைக்கவேண்டும். அதன்பிறகு? ஊரில் எல்லோரும் செய்வதுபோல் பின்மதிலில் சாத்திவிடுங்கள். இரண்டொரு வருடத்தில் யாராவது கோழிக்கூட்டுக்குக் கேட்பார்கள். பற்றரியை எறியவேண்டிய தேவையே வராது. கழற்றி வைத்துவிட்டுத் தேத்தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள், இராது.

இதைப் படித்துவிட்டு, “லண்டனில எங்களுக்கு இதெல்லாம் ஒழுங்கா நடக்கும்” என்று பெருமூச்சு விடுகிறவருக்கு ஒரு தகவல். ஒழுங்காக நடந்ததில் ஒரு பகுதி கொழும்புத் துறைமுகத்துக்குத்தான் வந்து சேர்ந்தது. 2017 முதல் 2019 வரை பிரித்தானியாவிலிருந்து 263 கொள்கலன்களில் பாவித்த மெத்தையும் கம்பளமும் அவற்றுக்குள் மருத்துவக் கழிவும் வந்து நாறின. கடைசிக் கொள்கலன் திரும்பிப் போனது 2022 பெப்ரவரியில். அங்கேயும் ஒருவர், எங்கே கொண்டுபோகிறீர்கள் என்று கேட்காமல்தான் காசு கொடுத்திருப்பார்.

புறப்பட முன் இன்னொரு சுற்றுச் சுற்றுங்கள். வெறும் ரின், சிரட்டை, ரயர் எதிலும் தண்ணீர் நிற்கக்கூடாது. 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின்படி நுளம்பு பெருக விடுவது குற்றம், பி.எச்.ஐ. வந்து பார்ப்பார். டெங்கு மோசமாகப் பரவிய 2017இல் நாடு முழுவதும் 186,000 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள். பூட்டிய வீடென்றால் திறப்பு வைத்திருக்கும் அயலவருக்குத்தான் திட்டு விழும். அவருடைய மனம் நோகாமல் ஒரு சொக்கிலேற் பெட்டியை விட்டுச் செல்லுங்கள். வெறும் பெட்டியை அவர் எறியமாட்டார்.

கடைசி லோட் போனதும் முற்றம் பளிச்சென்று கிடக்கும். படம் எடுத்துக் குழுவில் போடுவீர்கள், நாற்பது கைகூப்பு வந்து விழும். குளித்துவிட்டு வந்து திண்ணையில் இருக்கும்போது ஒழுங்கையில் மறுபடி அந்தச் சத்தம் கேட்கும். காசு குறைய எண்ணிக் கொடுத்துவிட்டோமோ என்று எழும்பிப் போவீர்கள். படலையடியில் லான்ட்மாஸ்டர் நிற்கும், பெட்டி நிரம்பி, மேலே ஒரு பழைய மெத்தை கட்டியபடி.

“அண்ணை, உங்கட பின்வளவு கொஞ்சம் பள்ளமாக் கிடக்கு, கண்டனான். அடுத்த ஒழுங்கையில ஒரு வீட்டால இறக்கினது, நல்ல சாமான். காசு வேண்டாம், கொட்டிவிடட்டோ?”